நாலாவது கதவு

கிளேர்வுட்டில் இனி வீடு வேண்டாமாம்,
லாரி நிற்க இடம் வேண்டுமாம்.
இடிப்பதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிடுவார்கள்:
கதவு, ஜன்னல், தேக்கு, பித்தளைக் கொண்டி,
பிடித்ததை எடுத்துக்கொள், மிச்சம் புல்டோசருக்கு.

மரமும் தகரமுமான வீடு,
செங்கல் கால்களில் இடுப்புயரம் தூக்கி நிற்கிறது.
கூரைக்குள் துறைமுகத்துப் புறாக்கள்.
தபானி சுத்தியலோடு முன்னே போனான்.
நான் சுண்ணக்கட்டியால் கதவுக்குக் கதவு
எண் போட்டுக்கொண்டே பின்னே.

சமையலறையில் வால்வு போன ரேடியோ,
ஒற்றைக் கால்பந்து ஷூ,
இப்போதுதான் அரைத்து எழுந்து போனமாதிரி ஈரமாய் ஓர் அம்மி.
மழைதான்; தகரத்தில் ஓட்டை.
இழுப்பறையில் மின்சாரக் கட்டண உறை: சி. படையாச்சி.
குவளை விளிம்பில் புள்ளி புள்ளியாய் வெட்டிய பெயர்: அம்மாக்கண்ணு.
ஜன்னல் திரையின் அடியோரம்
நீல நூலில், கொஞ்சம் கோணலாகத் தைத்தது.
அவசரக்காரி போலும்.

நாலாவது கதவு திறக்கவில்லை.
அதன் அடியில் தரைப்பலகை
ஒரு தட்டு அகலத்துக்கு வட்டமாய்த் தேய்ந்திருந்தது.
துவாரத்தில் கண் வைத்தேன். இருட்டு.
சாவி உள்பக்கம் இருந்தது.

'உள்ளே பூட்டினவர் உள்ளேதானே இருப்பார்' என்றான் தபானி.
சுத்தியலைச் சுவரில் சாய்த்துவிட்டு
வாசலுக்குப் போய் சிகரெட் பற்றவைத்தான்.

கூரையில் ஏறி இரண்டு தகரம் கழற்றி
நானே இறங்கினேன்.
கட்டில். மடித்த கம்பளி.
எலும்பு கிலும்பு ஒன்றும் இல்லை.
ஆணியடித்த ஜன்னலில் ஓர் எக்ஸ்ரே ஒட்டியிருந்தது,
மதிய வெயிலில் யாருடையதோ விலா
வெள்ளையாய் மிதந்தது.
மூலையில் பெயர் பார்த்தேன்: படையாச்சி இல்லை,
எவனோ டூபே.
இரவல் நுரையீரல்.

அலமாரிக் கதவின் உட்புறம் முழுக்கப் பென்சில்.
சில்வர் மண்டே, மூன்றாவது ஓட்டம், ஐந்து ஷில்லிங்.
லேடி காப்பர், ஐந்தாவது, பத்து.
கீழே வரவர ஷில்லிங் ராண்டாகிறது.
அடித்த பெயர்கள் எண்ணி முடியாது,
வட்டமிட்டது இரண்டு.

கட்டிலை இழுத்தேன்.
ஒரு பலகைக்கு மட்டும் ஆணி இல்லை,
விளிம்பு கைபட்டுக் கைபட்டு எண்ணெயாய் மினுங்கியது.
தூக்கினால் வீட்டின் அடிவயிறு,
அப்புறம் மாமரம், அப்புறம் சந்து,
சந்து முடிந்தால் குதிரைப் பந்தய மைதானம்.

தனியாக நின்று சிரித்தேன்.
சனிக்கிழமை தவறாமல் படுத்த படுக்கை!
கதவுக்கு வெளியே அவள் கஞ்சித்தட்டு வைத்து வைத்து
தரை தேய்ந்தது.
பாவம், என்று சொல்ல வாயெடுத்துக்கொண்டே
கீழே டார்ச் அடித்தேன்.

குதித்து இறங்கும் இடத்தில்
ஒரு சர்க்கரைக் கோணி.
நாலாய் மடித்து, தேங்காய்நார் திணித்து,
முழங்கால் சிராய்க்காத கனத்தில்.
நாலு ஓரமும் தைத்திருந்தது.
நீல நூல்.
கொஞ்சம் கோணல்.

தபானி வெளியிலிருந்து கத்தினான்:
ஆள் இருக்கிறாரா?
போய்விட்டார் என்றேன்.
எப்படி?
அவர் பெண்டாட்டி வழியனுப்பி வைத்தாள்.

அவனுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.
என் வீட்டில் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் போடுவதில்லை,
போனாயா வந்தாயா என்று
கேட்க ஆளும் இல்லை.

நாலாம் எண், சாவியோடு, எண்ணூறு ராண்ட் என்று
நோட்டில் எழுதினேன்.
பலகையை அதன் இடத்திலேயே திரும்பப் பொருத்தினேன்,
நாளைக் காலை எட்டு மணிக்கு
இங்கே தரையே இருக்காது என்று தெரிந்தும்.

கோணி மட்டும் வண்டியின் முன்சீட்டில்.
தபானி அதன்மேல் உட்காரப் போனான்.
வேண்டாம் என்றேன்.
முறைத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் போய்
கதவுகளோடு கதவாய் உட்கார்ந்துகொண்டான்.